முதுகு மட்டும் தெரிந்த காட்சி

ஊருக்கு ஊர் கராத்தே வகுப்பு முளைத்த காலம் ஒன்று இருந்தது, என் வயதை ஒட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூட மைதானத்திலும் கல்யாண மண்டபத்தின் பின்பக்கத்திலும் விடிந்ததும் இருபது முப்பது பேர் வெள்ளை உடையில் வரிசையாக நின்று காற்றைக் குத்திக்கொண்டிருப்பார்கள். ஆண்டுவிழாவில் ஓடு உடைப்பார்கள். வயிற்றின் மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றிக்கொள்வார்கள். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் அந்த வகுப்பை நடத்தியவர் என் சித்தப்பா.

அந்த வெள்ளை உடையை மெட்ராஸில் போய் வாங்க எங்கள் ஊரில் யாருக்கும் வசதி இல்லை. எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய பருத்தித் துணியையே சித்தப்பா வெட்டித் தைக்கக் கொடுத்தார். இடுப்புப் பட்டைக்குச் சாயப் பட்டறையில் மஞ்சள், பச்சை, பழுப்பு என்று முக்கி எடுத்தார். வியர்வை பட்டால் சாயம் இறங்கிவிடும். வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகிற பிள்ளைகளின் இடுப்பைப் பார்த்தே யார் எந்தப் பட்டை என்று சொல்லிவிடலாம். நான் மஞ்சள். அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பதினோரு வயது.

முன்னால் வீடு, பின்னால் நான்கு விசைத்தறிகள் ஓடும் கொட்டகை. இதுதான் எங்கள் இடம். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்ததால் தறி நின்ற பிறகும் நாங்கள் கத்தித்தான் பேசுவோம். எங்கள் வீட்டில் எந்நேரமும் சண்டை நடப்பதாகப் புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்தக் கோடை வரை எங்கள் வீட்டில் பெரிய சண்டை என்று ஒன்று நடந்ததில்லை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். நைனாவுக்கும் சித்தப்பாவுக்கும் பதினோரு வருட வித்தியாசம். சித்தப்பாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போதே பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அதன்பின் நைனாதான் அவருக்கு எல்லாம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது, "எனக்கு ஒரு புள்ள ஏற்கெனவே கீறான்" என்று சொன்னாராம். அம்மா இதைப் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

குவைத்தில் சண்டை ஓய்ந்து, மறுபடியும் ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் பக்கமெல்லாம் பேச்சாக இருந்த வருடம் அது. நூல் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. நெய்த துணி தேங்கியது. இந்தத் தொழிலை நம்பித் தம்பியை வைத்துக்கொள்ள முடியாது என்று நைனா முடிவு செய்தார். ஒரு தறியைக் கழற்றி விற்று, புத்தூர் ஏஜென்ட் மூலமாகச் சித்தப்பாவுக்கு விசா வாங்கினார். ஆடி மாதம் கிளம்ப வேண்டும். தறி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறையோடு நான்கு பள்ளங்கள் மட்டும் மிஞ்சின. சித்தப்பா அந்த இடத்தைத் தாண்டும்போதெல்லாம் சுவரோரமாக ஒதுங்கிப் போவார்.

சித்திரை மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

கார்வேட்டிநகரத்துக்கு அப்பால் பாறைக்குன்றுகள் இருக்கின்றனவே, அங்கே படப்பிடிப்பு. பத்தே நாள். முகமூடி போட்டுக்கொண்டு வானத்தில் பறக்கும் வீரனின் கதை. கதாநாயகனுக்குப் பதில் குதிக்கவும் உதைக்கவும் அதே உயரத்தில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. மெட்ராஸிலிருந்து வர வேண்டிய ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. உள்ளூரில் விசாரித்த சண்டை மாஸ்டரிடம் யாரோ சித்தப்பாவைக் கைகாட்டிவிட்டார்கள்.

நைனா ஒரேயடியாக மறுத்தார்.

"சினிமாக்காரன் இன்னிக்கி வருவான், நாளைக்கிப் போய்டுவான். விசா வந்துகீது. கையி காலு ஒடஞ்சா இன்னா பண்ணுவ?"

"பத்து நாளுதான்ணா. அப்புறம் நீ எங்க போகச் சொல்றியோ அங்க போறேன். ஒரு வார்த்த எதிர்த்துப் பேசமாட்டேன்."

அம்மா இடையில் புகுந்தாள். "போகப்போற புள்ள. ஆசையா கேக்குறான். உடுங்களேன்."

நைனா பதில் சொல்லாமல் தறியை ஓட்டிவிட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

முதல் நாள் வேடிக்கை பார்க்க என்னையும் அழைத்துப் போக அனுமதி கிடைத்தது. போகிற வழியெல்லாம் சித்தப்பா எனக்கு அந்தப் படத்தின் கதையைச் சொன்னார். ஒரு கோட்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். மந்திரியின் பேச்சைக் கேட்டு அண்ணன் தம்பியைத் துரத்திவிடுகிறான். தம்பி ஒரு குகையில் பன்னிரண்டு வருடம் சண்டைக்கலை பயில்கிறான். பறக்கும் சக்தி கிடைக்கிறது. முகமூடியோடு வந்து ஊரைக் காப்பாற்றுகிறான். அவன் தம்பி என்பது தெரியாமலே அண்ணன் அவனைக் கொல்லப் பார்க்கிறான். கடைசியில் அண்ணன் மகள் கோட்டை மேலிருந்து விழுகிறாள். முகமூடி வீரன் பறந்து வந்து தாங்கிப் பிடிக்கிறான். முகமூடியைக் கழற்ற, அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறான்.

"அழுதுட்டா போதுமா சித்தப்பா? பன்னெண்டு வருசம் குகையில கெடந்தாரே?"

"சினிமால போதும்," என்றார் சித்தப்பா.

முகமூடி வீரனின் உடை நீல ரெக்சினால் ஆனது. வெயிலில் கிட்டப் போனால் பஞ்சர் கடை வாசனை அடிக்கும். உள்ளே இடுப்பிலும் தொடையிலும் தோல் வார். முதுகுப் பக்கத் துளை வழியாகக் கயிறு வெளியே வரும். மேலே பாறை உச்சியில் இரும்புச் சட்டம் நட்டு, அதில் கப்பி பொருத்தியிருந்தார்கள். ஆறு பேர் கயிற்றைப் பிடித்து ஓடினால் சித்தப்பா ஆகாயத்துக்குப் போவார். கீழே காலி அட்டைப் பெட்டிகளை நெருக்கமாக அடுக்கி, அவற்றின் மேல் மெத்தை போட்டிருந்தார்கள்.

அண்ணன் மகளாக நடித்தது மெட்ராஸ் குழந்தை ஒன்று. மஞ்சள் கவுன், ரோஜாப்பூ ரிப்பன். அவளுடைய அம்மா கூடவே குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது அந்த அம்மா கயிற்றை அண்ணாந்து பார்த்தாள். "எம் பொண்ணு இதுல தொங்கமாட்டா சார். கீழ நின்னு முகத்தைக் காட்டுவா, அவ்ளோதான்," என்று மகளை இழுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள்.

சண்டை மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"இவ தொங்குவா மாஸ்டர். எங்கண்ணன் பொண்ணு. பயம்னா இன்னான்னே தெரியாது."

அது பொய். எனக்குப் பயம் நன்றாகவே தெரியும். ஆனால் ஒரு பெரிய கூட்டத்துக்கு முன்னால் ஒருவர் உங்களைப் பற்றி அப்படிச் சொன்னால், பதினோரு வயதில் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

அதே அளவில் தைத்த இன்னொரு மஞ்சள் கவுனைக் கொடுத்தார்கள். என்னைச் சித்தப்பாவின் மார்போடு வைத்துப் பட்டையால் கட்டினார்கள். கேமராவுக்கு என் முதுகும் பின்தலையும்தான் தெரியும். ரெக்சினில் கன்னம் ஒட்டிக்கொண்டது. கயிறு இழுபட்டதும் தரை நழுவியது. பனைமரத்தின் தலை என் காலுக்குக் கீழே போனது. தூரத்தில் ஏரித் தண்ணீர் தகடு மாதிரி பளபளத்தது. சித்தப்பாவின் இதயம் என் காதுக்குள் அடித்தது. அவருக்கும் பயம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்குப் போய், "வேடிக்கை பார்த்தோம்" என்று மட்டும் சொன்னோம். அப்படியும் நைனா, "பொட்டப்புள்ளைய அங்கெல்லாம் இஸ்துகினு போவாத. இன்னிக்கோட சரி," என்று முடித்துவிட்டார்.

உண்மையான காட்சியை எடுத்தது மூன்றாம் நாள். தோழி வீட்டில் விளையாடப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சித்தப்பா அங்கே காத்திருந்தார். வற்புறுத்தியது அவரா, அடம் பிடித்தது நானா என்று இத்தனை வருடம் கழித்தும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுமேதான் இருக்க வேண்டும்.

முதல் தடவை எடுத்தது சரியாக வந்தது. இரண்டாவது தடவையும். டைரக்டர் இன்னும் ஒன்று கேட்டார். இந்த முறை இன்னும் வெளியே வீச வேண்டும் என்றார். கயிறு இழுக்கிற ஆட்கள் ஓடினார்கள். நாங்கள் உச்சிக்குப் போனோம். அங்கே கயிறு கப்பியின் பள்ளத்திலிருந்து துள்ளிப் பக்கவாட்டில் மாட்டி நின்றது. ஒரு கணம் இருவரும் அசையாமல் தொங்கினோம். அந்த ஒரு கணத்தில் சித்தப்பா என் பின்தலையைக் கையால் பொத்தி, "கண்ண மூடிக்க," என்றார்.

மாட்டிய கயிறு பிடியை விட்டது.

கராத்தேயில் முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதைத்தான். தலையை மடக்கி, தோள் வழியாக உருண்டு எழுந்துவிட வேண்டும். சித்தப்பா இரண்டு ஆள் உயரத்திலிருந்து விழுந்து உருண்டு எழுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மார்பில் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொண்டு உருண்டால் அந்தப் பிள்ளை நசுங்கிவிடும். அவர் உருளவில்லை. காற்றிலேயே உடம்பைத் திருப்பி, என்னை மேலே ஏந்தி, அட்டைப் பெட்டிகளைத் தாண்டிப் பாறையில் முதுகால் விழுந்தார்.

பாவு நூல் அறுந்து தறி பட்டென்று நின்றால் காது அடைத்துக்கொள்கிற மாதிரி ஓர் அமைதி வரும். அப்படித்தான் இருந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஓடி வந்தவர்கள் பட்டையை அறுத்து என்னைப் பிரித்தார்கள். சித்தப்பாவின் முகமூடியைக் கழற்றினார்கள். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது. என்னைக் கிட்டே வரச் சொல்லிக் கண்ணால் சைகை செய்தார்.

"நீ இங்க வர்ல. புரியுதா? ஊட்ல யார் கேட்டாலும் நீ வர்ல. அண்ணன் தாங்காது."

நான் தலையாட்டினேன். கால் இரண்டும் மரத்துப்போயிருக்கின்றன என்று அவர் மாஸ்டரிடம் சொல்வது கேட்டது.

கவுனை வாங்கிக்கொண்டு என் பாவாடை சட்டையைக் கொடுத்தார்கள். கம்பெனி மேனேஜர் வேனில் ஏற்றி என்னை நகரி பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டார். "பாப்பா, உங்க சித்தப்பா சொன்னது ஞாபகம் இருக்குல்ல? நீ யாரையும் பார்க்கல," என்று சொல்லிக் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்தார். வேன் திரும்பும் வரை பார்த்துவிட்டு, அந்தப் பாக்கெட்டைச் சாக்கடையில் போட்டேன். சாயங்காலம் செய்தி வந்து அம்மா அலறியபோது, எல்லோரையும் போல நானும் அப்போதுதான் கேள்விப்படுகிறவள் மாதிரி அழுதேன். அழுகை மட்டும் பொய்யில்லை.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர் என்று எழுதிக்கொடுத்துச் சேர்த்துவிட்டு, கம்பெனி ஆட்கள் அடுத்த நாளே ஊரைக் காலி செய்துவிட்டார்கள். இடுப்பு எலும்பும் முதுகெலும்பின் அடிப்பகுதியும் நொறுங்கியிருந்தன. உயிர் போகாது, பழைய மாதிரி நடக்கவும் முடியாது என்றார் டாக்டர். ஆடி வந்தது. விசா வீணாய்ப் போனது.

நைனா அவரைத் தூக்கினார், துடைத்தார், பேருந்தில் மடியில் கிடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஆனால் பேசவில்லை. "எப்பிடி விழுந்த?" என்று முதல் நாள் கேட்டபோது, "இன்னும் தூரமா தாவலாம்னு பார்த்தேண்ணா. பாறை இருந்தது தெரில," என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அந்த ஒரு பதிலோடு சரி. என்ன சொல்வதானாலும் அம்மா வழியாகத்தான். ஒருநாள் கிணற்றடியில் நைனா அம்மாவிடம் சொல்வதைக் கேட்டேன்.

"அவனுக்குக் குவைத்து போகப் புடிக்கல. மூஞ்சிக்கி நேரா சொல்ல தைரியம் இல்ல. அதான் கீழ விழுந்துட்டான்."

"வாய் கூசல உங்களுக்கு? யாராவுது வேணும்னு முதுக ஒடைச்சிக்குவாங்களா?"

"வேணும்னு இல்ல. ஆனா கவலப்படல. நான் ஒருத்தன் கீறேன்னு நெனப்பே இல்ல அவனுக்கு."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு நின்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். உள்ளே போனால் சித்தப்பா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்ப்பார். உதட்டில் விரல் வைப்பார். இப்படியே ஆடி, ஆவணி, புரட்டாசி. சோறு இறங்கவில்லை. பள்ளியில் எழுந்து நின்றால் கண் இருட்டியது. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். திருஷ்டி கழித்தார்கள். சித்தப்பாவின் வகுப்பு இல்லாததால் ஏங்குகிறாள் என்று வாத்தியார் ஒருவர் கண்டுபிடித்தார்.

ஐப்பசியில் படம் வெளியானது. திருப்பதியில் ஓடியது.

அன்றைக்குச் சித்தப்பாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போயிருந்தோம். எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. டாக்டர் மூன்று மணிக்குத்தான் வருவார் என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தள்ளித் தியேட்டர். வாசலில் நீல உடை வீரனின் கட்அவுட்டுக்கு ஆளுயர மாலை போட்டிருந்தார்கள். அம்மாதான் ஆரம்பித்தாள்.

"நம்ம ஊட்டு ஆளு பறக்கறத நாம பாக்காம யாரு பாக்கறது? காலை ஆட்டம் போய்ட்டு வந்துடலாம்."

"எனக்கு வாணாம்," என்றார் நைனா.

சித்தப்பா தாழ்வாரத்துப் பெஞ்சில் சாய்ந்திருந்தார். "போய்ட்டு வாங்க அண்ணி. நான் இங்கயே கீறேன்," என்றார். என்ன நினைத்தாரோ, நைனா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

நான் அம்மாவுக்கும் நைனாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். இப்போது திரையில் என் முகம் வரும், எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்தேன். தெரிந்துவிடட்டும், என் வாயால் சொல்லாமலே தெரிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் நினைத்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. கோட்டை மேலிருந்து மஞ்சள் கவுன் விழுந்தது. நீல உடை பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டது. தியேட்டரில் விசில் காதைக் கிழித்தது. பின்தலை தெரிந்தது. ரிப்பன் தெரிந்தது. முதுகில் கவுன் கொக்கி ஒன்று விட்டுப்போயிருந்தது தெரிந்தது. அது நான். அடுத்த நொடி பெரிதாக ஒரு முகம் வந்தது. கன்னத்தில் குழி விழச் சிரிக்கும் மெட்ராஸ் குழந்தையின் முகம். கூட்டம் மறுபடி கைதட்டியது.

வீரன் தரையில் இறங்கி முகமூடியைக் கழற்றினான். உள்ளே கதாநாயகன் இருந்தான். அண்ணன் வாளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். "என் மகளைக் காப்பாற்றினாயே, உன்னையா நான் விரட்டினேன்?" என்று கதறினான். பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நைனா அழுதுகொண்டிருந்தார். துண்டால் முகத்தை அழுத்திப் பிடித்திருந்தார். தோள்கள் குலுங்கின.

இதற்கு மேல் நல்ல நேரம் வராது என்று நான் நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் நினைக்க முடியும்.

வெளியே வந்து ஆஸ்பத்திரித் தெருவில் திரும்பியதும் நைனாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நைனா, அது நாந்தான். அந்தக் கவுன் போட்டுகினு சித்தப்பாவோட பறந்தது நாந்தான். கயிறு உட்டுப்போச்சி. சித்தப்பா என்னக் காப்பாத்தத்தான் முதுகால விழுந்தாரு."

நைனா என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஒரு நிமிடம் முன்னால் அழுத முகம், அழுததை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்துகொண்ட முகம்.

"சினிமாவுல பார்த்தத இங்க வந்து சொல்றியா?"

"இல்ல நைனா. அந்தப் பொண்ணோட அம்மா மாட்டேன்னு சொல்ட்டாங்க. அதுக்கோசரம் நான்..."

"அந்தப் பொண்ணு மூஞ்சிய ஊரே பார்த்துது. நீயாம். யாரு சொல்லிக் குடுத்தா? அவனா?"

அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நைனா அதற்குள் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் ஓடினோம். தாழ்வாரத்தில் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். ஆறு மாதம் கழித்துத் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்.

"இவ அன்னிக்கி அங்க இருந்தாளா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்தேன். சொல்லிவிடு சித்தப்பா என்று கத்த வேண்டும் போலிருந்தது.

"இல்லண்ணா. அவ எங்க வந்தா? ஊட்லதான இருந்தா," என்றார் சித்தப்பா.

நைனா என் கன்னத்தில் அறைந்தார். அதற்கு முன்போ பின்போ அவர் என்னைத் தொட்டு அடித்ததில்லை. வரிசையில் நின்ற நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் ஒருத்தி தெலுங்கில் ஏதோ அதட்டினாள். "படுத்துகினு இருந்தும் புள்ளைக்கிப் பொய் சொல்லித் தர்றான்," என்றார் நைனா, யாரிடமும் இல்லாமல்.

அதன்பிறகு வீட்டில் எனக்குப் பெயர் பொய்க்காரி. கோபத்தில் வைத்த பெயரில்லை, சாதாரணமாகவே சொல்வார்கள். மோர் புளித்துவிட்டது என்று நான் சொன்னால்கூட அம்மா ஒருமுறை வாயில் ஊற்றிப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கார்வேட்டிநகரம் பேருந்தில் ஏறினேன். இறங்கி, வெயிலில் நடந்து, அந்தப் பாறைக்குப் போனேன். அங்கே ஏதாவது இருக்கும், எடுத்துக்கொண்டுபோய் நைனா முன்னால் வைக்கலாம் என்று எண்ணம். மழையில் ஊறிச் சப்பையாகிப்போன அட்டைப் பெட்டிகளில் கரையான் புற்று கட்டியிருந்தது. பிளாஸ்டிக் டம்ளர்கள். கப்பியைக்கூட எடுத்துப் போய்விட்டார்கள். இரும்புச் சட்டம் நட்ட இடத்தில் பாறையில் இரண்டு துளைகள் இருந்தன. துளையை எப்படி எடுத்துப்போவது? விழுந்த இடத்தில் படுத்துப் பார்த்தேன். முதுகு சுட்டது. எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி வந்து, "ஏம்மா, ஒடம்பு செரியில்லையா?" என்று எழுப்பிப் பேருந்து ஏற்றிவிட்டாள்.

சித்தப்பாவிடம் அன்று கேட்டேன். "ஏன் சித்தப்பா பொய் சொன்ன?"

"ஒன்ன அங்க கூட்டுகினு போனது நான். கட்டித் தொங்க உட்டது நான். அது தெரிஞ்சா அண்ணன் ஜென்மத்துக்கும் என்னப் பாக்காது."

"இப்ப மட்டும் பாக்குதா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு அவர் கோழையாகத் தெரிந்தார். இன்று யோசித்தால் வேறு மாதிரி இருக்கிறது. என்னை ஆபத்தில் நிறுத்தியவரும் அவர்தான், காத்தவரும் அவர்தான். முன்னதை மறைக்க வேண்டுமானால் பின்னதையும் சேர்த்துத்தான் மறைக்க முடியும். முட்டாளாக இருந்து கெட்டுப்போனேன் என்று அண்ணன் நினைத்தால் தாங்கிக்கொள்ளலாம், உன் மகளைக் கொல்லப் பார்த்தேன் என்று நினைத்தால் தாங்க முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவர் தப்பாகப் போட்ட கணக்கு அது. நைனாவின் கணக்கும் தப்புதான். தன்னை மதிக்கவில்லை என்ற வலியைத்தான் அவர் கோபம் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருடம் நைனாவே குவைத்துக்குப் போனார். இன்னொரு தறியும் போனது. கிளம்பும் நாளில் சித்தப்பாவின் கட்டில் பக்கம் வந்து நின்றார். போர்வையைச் சரிசெய்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாட்களில் ஊனமுற்றவர்களுக்கு முன்னுரிமை கொடுத்து எஸ்டிடி பூத் ஒதுக்கினார்கள். அம்மா சித்தூருக்கு ஏழெட்டு முறை அலைந்து, தெரிந்த தெலுங்கில் அதிகாரிகளிடம் அழுது, சண்டை போட்டு, ஒரு பூத் வாங்கிவிட்டாள். நகரி பேருந்து நிலையத்துக்கு எதிரே மஞ்சள் பெயிண்ட் அடித்த கண்ணாடிக் கூண்டு. ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டுச் சித்தப்பா காலையிலிருந்து அதில் உட்கார்ந்திருப்பார். ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில். மீதிப் பேர் அந்தக் கூண்டு வாசலில்.

நைனாவின் போனும் அங்கேதான் வர வேண்டும். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வரும். சித்தப்பா எடுத்து, "ஹலோ" என்பார். குரலைக் கேட்டதும், "லைன்ல இருங்க," என்று முன்பின் தெரியாதவரிடம் பேசுவது போலச் சொல்லி அம்மாவிடம் நீட்டிவிடுவார். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே நடந்தது. வாரத்துக்கு மூன்று வார்த்தை.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் போயிருந்தேன். பதின்மூன்று வயது. போன் வந்தது. சித்தப்பா என்னிடம் கொடுத்தார். நைனா அம்மாவைப் பற்றிக் கேட்டார், பள்ளியைப் பற்றிக் கேட்டார். பிறகு கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் வந்தது.

"நைனா?"

"கீறேன். ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி ஆஸ்பத்திரி தெருவுல நீ சொன்னியே. அது நெசமா?"

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"இங்க தனியா கெடந்து யோசிச்சிகினே இருக்கேன். அவன் சின்ன வயசுல மச்சு மேலேர்ந்து எத்தினி வாட்டி குதிச்சிருக்கான். பூன மாதிரி எழுந்து ஓடுவான். அவன் மல்லாக்க விழற ஆளு இல்ல. எதையோ கையில வச்சிகினு இருந்தாதான் அப்பிடி விழுவான். ரெண்டு மாசமா இதே நெனப்பு. சொல்லு. நெசமா?"

சித்தப்பாவுக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்டுவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தார். கண்ணில் கெஞ்சல். பாறையில் கிடந்தபோது பார்த்த அதே கெஞ்சல்.

"நெசம் நைனா," என்றேன்.

அவ்வளவு தூரத்திலிருந்து ஒருவர் மூச்சு விடுவது கேட்கும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

"அவன் பக்கத்துல கீறானா?"

"கீறாரு."

"குடு."

சித்தப்பா வாங்கவில்லை. நான் ரிசீவரை அவர் காதில் வைத்து அழுத்திப் பிடித்தேன். கடைசியில் அவர் கை வந்து அதைப் பற்றியது. நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தடவை, "தப்பு என்னுதுதாண்ணா. நாந்தான கூட்டுகினு போனேன்," என்றார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூண்டுக்கு வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடியைத் தட்டினார்கள். நான் கதவின் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

நைனா என்ன சொன்னார் என்று சித்தப்பா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் கேட்கவில்லை.

நைனா திரும்பி வர இன்னும் நாலு வருடம் ஆனது. சர்க்கரை வியாதியோடும் பாதிப் பார்வையோடும் வந்தார். பேருந்திலிருந்து இறங்கியவர் எங்களைத் தாண்டி நேராகச் சாலையைக் கடந்து கூண்டுக்குப் போனார். போன் பேச வருகிறவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். சித்தப்பா எதிரில். அம்மாவும் நானும் பெட்டிகளோடு இந்தப் பக்கமே நின்றோம். கண்ணாடி வழியாக இருவரும் தெரிந்தார்கள். வாய் அசையவில்லை. சத்தமாகவே பேசிப் பழகிய இரண்டு பேர் அவ்வளவு நேரம் அமைதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரோ போன் பேச வந்தார்கள். இடம் விடச் சித்தப்பா எழ முயன்றார். நைனா அவருடைய அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினார். சித்தப்பா தன் கனத்தையெல்லாம் அந்தக் கையில் போட்டார்.